வாசலறையின் வயது

போர்தோ, 9 ஜனவரி 1966

அன்பு மகள் அர்லெத்துக்கு,

நான் நலம் என்று எழுதினால் என் இருமலே சிரிக்கும். பாரிஸ் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை நூலகத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா?

இங்கே முசியே தெ லோபரேத்துக்குப் பித்து தலைக்கேறிவிட்டது. தன் மாளிகையை அரசாங்கத்தின் நினைவுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப் போகிறாராம். கோடையில் ஒரு குழு வந்து பார்க்குமாம். அதற்குள் வீடு 1780இல் கட்டி முடித்த அன்று நின்றது போலவே நிற்க வேண்டுமாம். அன்று இல்லாத எதுவும் இன்று இருக்கக் கூடாது. போன வாரம் துணி துவைக்கும் கொட்டகையை இடித்தார். இந்த வாரம் கோழிக்கூண்டு.

"ஜெர்மேன், இந்தக் கூண்டு ஆயிரத்தி எழுநூத்தி எண்பதுல இருந்துச்சா?" என்று கேட்டார்.

"கோழி இருந்திருக்கும் முசியே. எங்க தூங்குச்சுன்னு எனக்குத் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. கோழிகளை மீன்காரி கப்தெவீலிடம் கொடுத்துவிட்டேன். துணியை முற்றத்தில் காயவைத்தால் முகப்பின் சமநிலை கெடுகிறதாம். "இடப்பக்கம் என் உள்பாவாடை தொங்குனா, வலப்பக்கமும் ஒண்ணு தொங்கவிட்டுடலாமே" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. இப்போது என் கட்டிலுக்கு மேல் கொடி கட்டியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். குழுவிடம் கொடுக்கவும், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்களுக்கு விற்கவும், மாளிகையின் வரலாறாக ஒரு சிறு புத்தகம் வேண்டுமாம். "உங்க பொண்ணு வரலாறுதானே படிச்சா, அவளே எழுதட்டும்" என்கிறார். அட்டையில் உன் பெயரைப் போடுவாராம். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். நம் வீட்டில் இதுவரை அச்சில் வந்தது உன் அப்பாவின் பெயர் மட்டும்தான், அதுவும் இரங்கல் அறிவிப்பில்.

தொலைபேசியில் கூப்பிடாதே. அது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அவர் காது படிக்கு மேலே.

முத்தங்களுடன்,
அம்மா


பாரிஸ், 20 ஜனவரி 1966

அன்புள்ள அம்மாவுக்கு,

காலுறையைப் போட்டுக்கொள்கிறேன். நீ மருத்துவரிடம் போ. கட்டிலுக்கு மேல் ஈரத்துணியைக் காயவைத்துவிட்டு இருமல் என்று எழுதினால் நான் என்ன பதில் சொல்வது?

எழுதுகிறேன் என்று முசியேவிடம் சொல்லிவிடு. நூலகத்தில் வேலை முடிந்ததும் படிக்கத் தொடங்கிவிட்டேன். மாளிகையைக் கட்டிய பியேர்-இஞ்ஞாஸ் வெறும் லோபரேத்தான். 'தெ' என்ற பிரபுப் பட்டத்தைப் பேரன்தான் ஒட்டிக்கொண்டான். பியேர்-இஞ்ஞாஸ் கப்பல் முதலாளி. அவருடைய கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மனிதர்களை ஏற்றிக்கொண்டன, கரும்புத் தீவுகளில் அவர்களை விற்றுவிட்டுச் சர்க்கரையோடு திரும்பின. நம் முற்றத்துத் தூண்கள் அந்தச் சர்க்கரையில்தான் எழுந்தன. சின்ன வயதில் அவற்றுக்கு நடுவில்தான் நான் நொண்டி விளையாடினேன்.

ஒன்று கேட்கிறேன். 1780இல் இல்லாத எதுவும் இருக்கக் கூடாது என்றால், உன் வாசலறை என்ன ஆகும்? தெருவாசலுக்கு வலப்பக்கம் அவருடைய கார் நிற்கும் அறை, இடப்பக்கம் நீ இருக்கும் அறை. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒரே முகம் என்பதாலேயே ஒரே வயது ஆகிவிடாது. அவர் ஏதாவது சொன்னாரா? வாசல் காக்கும் வேலையும் அந்த அறையும் போனால் இந்த வயதில் நீ எங்கே போவாய்? இந்தக் கேள்விக்கு மட்டும் தயவுசெய்து நேராகப் பதில் எழுது.

உன் கன்னங்களில் முத்தம்,
அர்லெத்


போர்தோ, 13 பிப்ரவரி 1966

அன்பு மகளுக்கு,

மருத்துவரிடம் போனேன். ஈரமான அறையில் இருக்காதீர்கள் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார். அதைத் தவிர நலம். உனக்குச் சளி இல்லையே?

நீ அனுப்பிய முதல் பக்கங்களைப் படித்துவிட்டு முசியே என் அறைக்கே இறங்கி வந்தார். நகரத்து நாடக அரங்கைக் கட்டிய பெரிய மேதைதான் இதையும் கட்டினார் என்று நீ எழுத வேண்டுமாம். அந்த மேதையிடம் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்த ஆள்தான் கட்டினான் என்று நீ எழுதியிருக்கிறாயாம். புரட்சிக் காலத்தில் வீட்டைப் பறிமுதல் செய்து வரவேற்பறையில் வெடிமருந்துக்காக, ஈரச் சுவரில் பூக்கும் வெடியுப்பைக் காய்ச்சிய கதையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதை எழுதினா தரை அழுக்குன்னு நினைப்பாங்க, ஜெர்மேன்."

"தரையை நான்தான் தொடைக்கிறேன் முசியே, யாரும் நினைக்க மாட்டாங்க. வெடியுப்பு வேணும்னா என் சுவத்துக்கு வாங்க. சுரண்டினா இன்னொரு புரட்சிக்குக் காணும்."

உன் பழைய அலமாரிக்குப் பின்னால்தான் மோசம். உன் பள்ளிப் புத்தகங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கட்டிலை அடுத்த பக்கம் தள்ளிவிட்டேன்.

என் அறையைப் பற்றி நீ ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்? ஈஸ்டருக்கு வா. ஆட்டுக்கால் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா


பாரிஸ், 17 ஏப்ரல் 1966

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஆட்டுக்காலின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. உன் இருமல் சத்தமும் காதில் இருக்கிறது.

முசியே மாடிக்குக் கூப்பிட்டு என்ன பேசினார் என்று நீ கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். அது உண்மை இல்லை.

"மத்மசெல், நல்லா எழுதியிருக்கீங்க. ஆப்பிரிக்கக் கப்பலைப் பத்தின அந்த ஒரு வரி மட்டும் வேணாம். தீவுகளோட வியாபாரம்னு போடுங்க, போதும்" என்றார்.

நான் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரின்னு எடுத்துக்கிறேன்" என்றார்.

நான் பேசாமல் நின்றால் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு படித்தும் வாய் திறக்கவில்லையே என்று ரயிலில் வரும் வழியெல்லாம் என் மேலேயே எரிச்சல். அந்த வரியை எடுக்க மாட்டேன்.

இன்னொன்று. சனிக்கிழமை நீ ரொட்டி வாங்கப் போயிருந்தபோது அலமாரியை நகர்த்திப் பின்சுவரைப் பார்த்தேன். ஈரம் தரையிலிருந்து கூரை வரைக்கும் நூல் பிடித்தது போல ஒரே கோடாக ஏறியிருக்கிறது. அலமாரி அங்கேயே இருக்கட்டும். வேறு யாரையும் அதை நகர்த்த விடாதே. முற்றத்தைப் பற்றிய அத்தியாயத்தை முடித்துவிட்டேன். உன் அறையைப் பற்றி இனி உனக்குக் கவலை வேண்டாம்.

உன்,
அர்லெத்


போர்தோ, 29 மே 1966

அன்பு மகளுக்கு,

வெயில் வந்துவிட்டது, இருமல் குறைந்திருக்கிறது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? ஈஸ்டரில் உன் பாவாடை இடுப்பில் நிற்கவே இல்லை.

முசியேவின் புதுக் கூத்தைக் கேள். இடப்பக்க லைலாக் பூமரம் வலப்பக்க மரத்தைவிடக் கொஞ்சம் உயரம் என்று வெட்டினார். வெட்டியதில் அது குட்டையாகிவிட்டது. உடனே வலப்பக்கத்தை வெட்டினார். அது இன்னும் குட்டையாகிவிட்டது. இப்படியே மாறி மாறி வெட்டி இப்போது இரண்டு பக்கமும் மரமே இல்லை. "இப்பதான் சமமா இருக்கு" என்கிறார்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பிறகு வேண்டாம் என்று பேனாவை மூடிவிட்டேன். படித்த பெண் எழுதும்போது பக்கத்தில் நின்று உப்பு போடு, மிளகு போடு என்று சொல்லக் கூடாது. நீ உன் மனசுக்குச் சரி என்று தோன்றுவதை எழுது. ஆனால் எனக்குக் கவலை வேண்டாம் என்று எதை வைத்துச் சொன்னாய்? அலமாரியை ஏன் நகர்த்தக் கூடாது? நான் கட்டிலைத் தள்ளலாம், அலமாரியைத் தள்ளக் கூடாதா?

முத்தங்களுடன்,
அம்மா


பாரிஸ், 12 ஜூலை 1966

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நன்றாகவே சாப்பிடுகிறேன். பாவாடையை ஊசி போட்டுச் சின்னதாக்கிக்கொண்டேன்.

புத்தகம் அச்சாகிவிட்டது. அதற்கு முன் அச்சகத்திலிருந்து கடைசித் திருத்தப் படி வந்தபோது அதில் கப்பல் வரி இல்லை. நான் எழுதியனுப்பினேன். அவர் மறுபடி எடுத்தார். கடைசியில் அஞ்சலகத்துக்குப் போய் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மூன்று முறை "என்ன சொல்றீங்க மத்மசெல்?" என்றார். மூன்றாம் முறை, "அந்த வரி இல்லேன்னா என் பேரும் வேணாம் முசியே" என்றேன். "சின்னப் பிள்ளைங்க மாதிரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வரி திரும்பி வந்துவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஒரு படி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அலமாரியைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

உன்,
அர்லெத்


போர்தோ, 18 செப்டம்பர் 1966

மகளுக்கு,

நலமா என்று நீ கேட்பாய். கேட்காதே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் வந்தது. மீன்காரி கப்தெவீலிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு தொடு என்றேன்.

"நம்ம அர்லெத்தா? அது வாயே திறக்காதே" என்றாள்.

"அதான் எழுதுது" என்றேன்.

நல்லது அவ்வளவுதான். ஜூலைக் கடைசியில் குழு வந்தது. வெர்நூ என்ற கட்டடக் கலைஞர் உன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றார். "வீடு பரவாயில்லை முசியே, இது மாதிரி நகரத்துல நிறைய இருக்கு. ஆனா இந்த ஜோடி வாசலறை இருக்கே, ரெண்டும் சேர்ந்தே எழுந்து முழுசா மிஞ்சினது, அது வேற எங்கயும் இல்ல" என்றார். போன வாரம் காகிதம் வந்துவிட்டது. நான் இப்போது நினைவுச் சின்னத்துக்குள் படுத்து எழுந்திருக்கிறேன். ஆணி அடிக்க அனுமதி வேண்டும். சுவரில் சிமெண்டு பூசக் கூடாது. ஜன்னலைப் பெரிதாக்கக் கூடாது. குழாய் போட வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழை பெய்தாலும் முற்றத்தைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும், 1780இல் அப்படித்தான் போனார்களாம்.

கேள், அர்லெத். ஜனவரியிலேயே முசியே என்னிடம் சொன்னார்: "உங்க அறை அசல் இல்லைன்னு ஆச்சுன்னா இடிச்சுத்தான் ஆகணும், ஜெர்மேன். அப்படி இடிச்சா நகராட்சி உங்களுக்குப் புது வீடு கொடுத்தாகணும்." நகரத்துக்கு வடக்கே கட்டுகிறார்களே, அந்த அடுக்கு வீடுகளில். பேருந்து மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். குளியல் தொட்டி இருக்கிறது. குழாயைத் திருகினால் வெந்நீர். சமையலறையில் காலை வெயில் விழுகிறது. நான் அந்த வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன், காவல்காரன் வந்து விரட்டினான். அன்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, என் அறை போலியாக இருக்க வேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக எழுதிவிடுவாய் என்று பயந்தேன்.

அம்மா


பாரிஸ், 22 செப்டம்பர் 1966

அம்மா,

இருமலைக் கேட்காமல் தொடங்குகிறேன், மன்னித்துக்கொள்.

உனக்காகத்தான் எழுதினேன். தலைகீழாக எழுதினேன்.

அலமாரிக்குப் பின்னாலும் கார் நிற்கும் அறையிலும் நான் பார்த்தது இது. வலப்பக்க அறையின் கற்கள் தெருச்சுவரின் கற்களோடு விரல் கோத்தது போல மாறி மாறிக் கோத்திருக்கின்றன. உன் அறையில் கோப்பே இல்லை. எப்போதோ கட்டி முடித்த சுவரின் மேல் பின்னால் வந்தவர்கள் இன்னொரு சுவரைச் சாத்தியிருக்கிறார்கள். அந்த நேர்கோடான இடுக்கு வழியாகத்தான் மழை உள்ளே வருகிறது. முதலில் அது வண்டிகள் கொல்லைக்குப் போகும் திறந்த வழி. வலப்பக்க அறையை அச்சாகப் பார்த்து நகல் எடுத்து, ஒரு நூற்றாண்டு கழித்து அடைத்திருக்கிறார்கள். உன் அறை போலிதான் அம்மா. மாதா உன் வேண்டுதலை முன்கூட்டியே நிறைவேற்றி வைத்திருந்தாள். நான்தான் அலமாரியைத் திருப்பி வைத்து மறைத்தேன். "இரண்டு வாசலறைகளும் சேர்ந்தே எழுந்தவை" என்று எழுதினேன். கப்பல் வரிக்காக அவ்வளவு சண்டை போட்டவள், இந்த வரியை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். உன்னைத் தெருவில் நிறுத்தாமல் காப்பாற்றுகிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

நேராகப் பதில் எழுது என்று ஜனவரியில் கெஞ்சினேன் அல்லவா? நீ ஆட்டுக்காலைப் பற்றி எழுதினாய். நானும் ஈஸ்டரில் உன் எதிரில் உட்கார்ந்து அந்த ஆட்டுக்காலைத் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் ரயில் ஏறினேன். நம் இருவரையும் சேர்த்து வைத்து யாராவது உலுக்க வேண்டும்.

குழுவுக்கு எழுதப் போகிறேன்.

அர்லெத்


போர்தோ, 26 செப்டம்பர் 1966

அர்லெத்துக்கு,

எழுதாதே. இது உன் அம்மாவின் உத்தரவு.

நான் அந்த ஈரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் இருந்தால் கரைந்துவிட மாட்டேன். அந்த அட்டையில் உன் பெயர் இருக்கிறது. முசியேவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். உன் முதல் புத்தகத்திலேயே பொய் எழுதினாய் என்று ஊர் பேசட்டும் என்றா நான் அடுத்த வீட்டுப் படிகளையும் சேர்த்துத் துடைத்து உன்னைப் படிக்க வைத்தேன்? குளியல் தொட்டி இல்லாமல் என் அம்மா எண்பது வயது வரை வாழ்ந்தாள்.

பதில் தபாலில் சரி என்று எழுது.

அம்மா


பாரிஸ், 16 அக்டோபர் 1966

அன்புள்ள அம்மாவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. அலமாரிப் பக்கம் படுக்காதே.

உன் உத்தரவு வரும்போது கடிதம் போய்விட்டிருந்தது. உனக்கு எழுதிய அன்றே குழுவுக்கும் எழுதி, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டேன். யோசித்தால் உன் பேச்சைக் கேட்டுவிடுவேன் என்று தெரியும்.

முசியே வெர்நூ இரண்டு வரி பதில் எழுதினார்: நேரில் வந்து சுவரைப் பார்ப்பாராம். முசியே தெ லோபரேத் நான்கு பக்கம் எழுதினார். அவர் வீட்டு முற்றத்தில் வளர்ந்து, அவர் வீட்டுக்கே குழி பறித்தேனாம். உள்ளே ஒரு திருத்தச் சீட்டை ஒட்டி, புத்தகத்துக்குப் புது அட்டை போடுகிறார். அதில் என் பெயர் இருக்காது. கப்பல் வரி இருக்கிறதா என்று மட்டும் பதில் எழுதிக் கேட்டேன். உள்பக்கங்களை மாற்றவில்லை என்று அச்சகத்தார் சொன்னார்கள்.

பெயர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். உன்னிடம் இனி அப்படி எழுதுவதில்லை. வருத்தம்தான். நூலகத்தில் யாரும் இல்லாதபோது பழைய அட்டையை எடுத்துப் பார்க்கிறேன்.

நீ திட்டு. பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
அர்லெத்


போர்தோ, 27 நவம்பர் 1966

அன்பு மகளுக்கு,

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் அடுப்புக்குப் போய்விட்டன. அதனால்தான் தாமதம்.

முசியே வெர்நூ வந்தார். அலமாரியை அவரும் நானும் சேர்ந்துதான் தள்ளினோம். மெல்லிய கத்தி ஒன்றை அந்த இடுக்கில் விட்டார். கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. "மத்மசெல் சொன்னது சரி" என்றார். முசியே தெ லோபரேத் அந்தக் கத்தி தன் வயிற்றில் போனது போல நின்றார். மாளிகையும் கார் நிற்கும் அறையும் பட்டியலில் இருக்கும், என் அறை வசந்தத்தில் இடிபடும். புது வீட்டை நகராட்சி எழுத்தில் கொடுத்துவிட்டது. ஆறாவது மாடி. மின்தூக்கி பாதி நாள் ஓடாதாம். சுவர் எவ்வளவு மெலிசு என்றால் அடுத்த வீட்டுக்காரன் மூக்கு சிந்துவது கேட்கிறது. குளியல் தொட்டி நான் பார்த்ததைவிடச் சின்னது. காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். வெயில் மட்டும் அதே வெயில்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து புத்தகம் விற்பது என் வேலை. புது அட்டையில் மாளிகையின் படம் இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. முதல் வாரம் அப்படியே விற்றேன். கை கூசியது. இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு படியிலும் படத்துக்குக் கீழே 'எழுதியவர் அர்லெத் தார்திக்' என்று மையால் எழுதித்தான் கொடுக்கிறேன். போன ஞாயிறு முசியே பார்த்துவிட்டார்.

"என்ன பண்றீங்க, ஜெர்மேன்?"

"பேர் எழுதுறேன் முசியே."

"இது என் வீட்டோட வரலாறு."

"ஆமா. எழுதினது என் வீட்டுப் பொண்ணு."

என்னை வெளியே போ என்று சொல்ல வாய் எடுத்தார். எப்படியும் போகத்தானே போகிறேன் என்பது ஞாபகம் வந்திருக்கும், மூடிக்கொண்டு மேலே போய்விட்டார்.

தொப்பி போட்ட ஒரு அம்மாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே என்றாள். "இந்த வீட்டுல நேரா நிக்காதது அது ஒண்ணுதாம்மா, அதையாவது விட்டு வைங்க" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். காலுறையைப் போடு.

உன் அம்மா,
ஜெர்மேன் தார்திக்